சூட்டைக் காசு கொடுத்து வாங்குவதா? முதல் ஹாட் யோகாவுக்கு நான்கு வழிகள்

"அத்தை, நீங்க ஹாட் யோகா போய்ட்டு வந்தீங்களே, அதுல எதுல சேர்றது? இங்க ஒரே ஸ்டூடியோவுல மூணு வகை போட்டிருக்காங்க."

பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகள் போனில் கேட்டாள். அதே வாரம், காவேரிப்பட்டணத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்குப் பாலக்கோட்டிலிருந்து வரும் டீச்சர் ஒருவர் வேறு மாதிரி கேட்டார்: "சூட்டுல உக்கார்றதுக்கு பெங்களூர் வரைக்கும் போகணுமா டீச்சர்? நம்ம மொட்டை மாடி ரூமு பத்தாதா?"

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிட்டேன். (அந்தப் பதில் தப்பு என்று பிறகு தெரிந்தது.) இரண்டாவது கேள்விதான் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. மே மாதம் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் மதியம் ஒரு மணிக்கு ஓசியில் கிடைக்கிற சூட்டை, பெங்களூரில் ஹீட்டர் போட்டு உண்டாக்கி, டிக்கெட் வைத்து விற்கிறார்கள். அந்தக் காசுக்கு நமக்கு உண்மையில் கிடைப்பது என்ன?

சூடேற்றிய அறையில் ஆசனம் செய்யும் இந்த ஹாட் யோகாவின் பூர்வீகமும் நம் நாடுதான். பரமஹம்ச யோகானந்தரின் தம்பி பிஷ்ணு சரண் கோஷ் 1923-ல் கொல்கத்தாவில் ஓர் உடற்பயிற்சிக் கல்லூரி தொடங்கினார். அந்த மரபில் வந்த பிக்ரம் சௌத்ரி 1970-களில் அமெரிக்காவுக்குப் போய், 26 ஆசனங்களையும் 2 மூச்சுப் பயிற்சிகளையும் ஒரே வரிசையில் கோத்து, சூடேற்றிய அறையில் சொல்லிக்கொடுத்துப் பெரும் பணம் பார்த்தார். அந்த வரிசைக்குப் பதிப்புரிமை கிடையாது என்று 2015-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர்மேல் பாலியல் துன்புறுத்தல் வழக்குகள் வந்த பிறகு பல ஸ்டூடியோக்கள் அவர் பெயரையே போர்டிலிருந்து எடுத்துவிட்டன. அதனால் இன்று '26 & 2' என்றோ 'ஒரிஜினல் ஹாட்' என்றோ போட்டிருந்தால் அந்தப் பழைய பிக்ரம் வரிசைதான் என்று புரிந்துகொள்ளுங்கள். இதைத் தவிர ஹாட் வின்யாசா, இன்ஃப்ராரெட் ஹாட் என்று பின்னால் முளைத்தவையும் உண்டு.

எதை வைத்து எடை போடுவது

விலைப்பட்டியலை அப்புறம் பார்க்கலாம். நான் பார்க்கச் சொல்வது ஐந்து விஷயங்கள். அவற்றில் முதலாவதுக்குத்தான் பாதிக்குமேல் எடை.

சூடு எத்தனை டிகிரி என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஈரப்பதம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. வியர்வை வருவதால் உடம்பு குளிர்வதில்லை. வந்த வியர்வை ஆவியாகிப் போனால்தான் குளிரும். சென்னைக்குக் கல்யாணத்துக்குப் போகும்போது பார்த்திருப்பீர்கள்: சட்டை முதுகோடு ஒட்டி, வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கும், புழுக்கம் மட்டும் குறையாது. நம் ஊரில் அதே சட்டை காய்ந்து, முதுகில் வெள்ளையாக உப்புக்கோடு விழுந்திருக்கும். 40 டிகிரியும் 40 சதவீத ஈரப்பதமும் என்றால் பழகிய உடம்பு சமாளித்துவிடும். அதே அறையில் இருபது முப்பது பேர் மூச்சு விட்டு, வியர்த்து, ஈரப்பதம் 60-க்குமேல் ஏறிவிட்டால் கதை வேறு. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: "ரூம்ல ஹியூமிடிட்டி மீட்டர் இருக்கா? வெளிக்காத்து வர வழி இருக்கா?" பதிலுக்கு முழித்தால் வேறு இடம் பாருங்கள்.

அடுத்தது, உங்களுக்கு எத்தனை ஆசனம் ஏற்கெனவே தெரியும் என்பது. சூட்டில் தசை இளகிக்கொடுக்கும். கை காலைத் தாண்டிப் போகும்போது நமக்கே நம்மேல் பெருமையாக இருக்கும். வலி மறுநாள் காலையில் தெரியும், பெரும்பாலும் தொடைப் பின்தசை உட்காரும் எலும்போடு சேரும் இடத்தில். சரியான நிலை எது என்று குளிர்ந்த அறையில் பழகாதவருக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது.

மூன்றாவது, வாத்தியார் உங்களைப் பார்க்கிறாரா, அவர் பேசுவது உங்களுக்குப் புரிகிறதா. நான்காவது, முடிந்த பிறகு வீடு எவ்வளவு தூரம். இதை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. பெங்களூர்க்காரி ஸ்கூட்டரில் ஐந்து நிமிடத்தில் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவாள். நாம் கிருஷ்ணகிரிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் வர வேண்டும்.

ஐந்தாவது, உடம்பு. கர்ப்பமாக இருப்பவர்களை ஹாட் யோகாவையும், ஹாட் பிலாட்டிஸ் என்ற சூட்டறை உடற்பயிற்சியையும் தவிர்க்கச் சொல்கிறது அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பு. இதய நோய் உள்ளவர்கள், பிரஷருக்கு மாத்திரை போடுபவர்கள், குறிப்பாக நீர் பிரிய மாத்திரை எடுப்பவர்கள், இன்சுலின் போடுபவர்கள், முன்பு ஒருமுறை வெயிலில் மயங்கி விழுந்தவர்கள் எல்லாம் தங்கள் டாக்டரிடம் கேட்காமல் எந்த வகையிலும் நுழைய வேண்டாம். சூட்டில் ரத்தக் குழாய் விரியும், பிரஷர் இறங்கும், இன்சுலின் வேகமாக ரத்தத்தில் ஏறும். சில சளி மாத்திரைகளும் மனநல மாத்திரைகளும் வியர்வையையே குறைத்துவிடும்.

எடை குறையுமா என்று கேட்பவர்களுக்கு: கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அளந்து பார்த்தார்கள். 90 நிமிட பிக்ரம் வகுப்பில் ஆண்களுக்குச் சராசரியாக 460 கலோரியும் பெண்களுக்கு 330-ம் செலவானது. வேகமாக நடந்தாலும் அவ்வளவுதான். வகுப்பு முடிந்து எடை மெஷினில் ஒரு கிலோ குறைந்து தெரிவது தண்ணீர். இரவு ரசம் சாப்பிட்டால் திரும்பி வந்துவிடும். 'டாக்ஸின் வெளியேறும்' என்ற பேச்சும் அப்படித்தான். வியர்வையில் போவது தண்ணீரும் உப்பும். கழிவைப் பிரிக்கிற வேலையைக் கல்லீரலும் கிட்னியும் செய்கின்றன.

ஒன்று: 26-ம் 2-ம், தொண்ணூறு நிமிடம்

அறை 105 ஃபாரன்ஹீட், அதாவது 40.6 செல்சியஸ். ஈரப்பதம் 40 சதவீதம். முன்னால் சுவர் நிறையக் கண்ணாடி. நின்றபடி ஆழ்ந்த மூச்சில் தொடங்கி, அர்த்த சந்திராசனம், உத்கடாசனம், கருடாசனம் என்று போய், பாதிக்கு மேல் தரையில் படுத்து, கடைசியில் வஜ்ராசனத்தில் கபாலபாதி மூச்சுப் பயிற்சியோடு முடியும். ஒவ்வொரு ஆசனமும் இரண்டு தடவை. சூரிய நமஸ்காரம், சிரசாசனம், சர்வாங்காசனம் கிடையாது. உலகத்தில் எந்த ஊர் ஸ்டூடியோவில் நுழைந்தாலும் இதே வரிசைதான். எது முதலில், எது அடுத்து என்ற பதற்றம் இல்லாதது இதன் பெரிய வசதி.

நான் போன டிசம்பரில் போனது இந்த வகுப்புக்குத்தான். இருபது வருடமாக வீட்டில் ஆசனம் செய்கிறவள் என்ற தெம்பில் முன்வரிசையில் விரிப்பைப் போட்டேன். முதல் தப்பு. இந்த வகுப்பில் வாத்தியார் செய்து காட்ட மாட்டார். மேடையில் நின்று, மனப்பாடமாக ஒரு வசனத்தைச் சொல்லிக்கொண்டே போவார், அதுவும் ரயில் வேக இங்கிலீஷில். புதிதாக வந்தவர் பின்வரிசையில் நின்று முன்னால் இருப்பவரைப் பார்த்துச் செய்ய வேண்டும். எனக்கு முன்னால் கண்ணாடி மட்டும்தான் இருந்தது, அதிலும் பத்தாவது நிமிடத்தில் ஆவி படிந்துவிட்டது.

ஒற்றைக் காலில் நின்று, மறு காலை முன்னால் நீட்டி, பாதத்துக்கு அடியில் பத்து விரலையும் கோத்துப் பிடிக்கும் ஆசனம் ஒன்று வரும். வீட்டில் எனக்கு அது தண்ணீர் பட்ட பாடு. அங்கே கோத்த விரல் சோப்புத் தண்ணீரில் கழுவிய மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. திரிகோணாசனம் வரும்போது காது அடைத்தது, முழங்கையில் புல்லரித்தது. அந்தச் சூட்டில் புல்லரிக்கிறதென்றால் உடம்பு சிவப்புக் கொடி காட்டுகிறது என்று அர்த்தம். உட்கார்ந்துவிட்டேன். கதவைப் பார்த்ததும், "மேடம், உள்ளேயே உக்காருங்க, யாரும் வெளிய போகக் கூடாது" என்றார் வாத்தியார்.

உட்கார்வது சரியான யோசனைதான். திடீரென்று எழுந்து ஓடினால் விழுவோம். ஆனால் போகவே கூடாது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மெதுவாக எழுந்து, கதவைத் திறந்து, வெளியே பெஞ்சில் படுத்துக்கொண்டேன். ரிசப்ஷனில் இருந்த பெண் ஈரத்துணி கொடுத்தாள். போவதற்கு முன்பே போனில் கேட்டுவிடுங்கள்: "நடுவுல வெளிய வரலாமா?" தயக்கம் தெரிந்தால் அந்த இடம் வேண்டாம். தண்ணீருக்கும் இப்படி ஒரு சம்பிரதாயம் உண்டு. பல இடங்களில் கருடாசனம் முடிந்த பிறகுதான் முதல் மடக்கு. முதல் தடவை போகிறவர் இதையெல்லாம் மதிக்க வேண்டியதில்லை.

மறைந்திருக்கும் செலவு, நேரம். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் பஸ், அங்கிருந்து பொம்மசந்திரா, 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் வழித்தட மெட்ரோவில் ஏறி ஊருக்குள். போகவர ஆறு மணி நேரம், வகுப்பும் குளியலும் இரண்டு மணி நேரம். ஒரு சனிக்கிழமை முழுதும் போயிற்று. தர்மபுரிக்காரர்களுக்கு ஒவ்வொரு பக்கமும் இன்னும் 45 கிலோமீட்டர், ரயில் கிடைத்தால் கொஞ்சம் தேவலை. காரில் போனால் கிருஷ்ணகிரியிலிருந்து போகவர 180 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 ஓடினால் 12 லிட்டர் பெட்ரோல், மேலே டோல்கேட். அதைவிட முக்கியம், தொண்ணூறு நிமிடம் சூட்டில் வெந்தவர் தேசிய நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது. பஸ்ஸில் வந்த எனக்கே சூளகிரி தாண்டும்போது கெண்டைக்கால் சுண்டி இழுத்து, சீட்டை விட்டு எழுந்து நின்றேன். பக்கத்து சீட்டு அம்மா கொய்யாக்காயோடு வாங்கி வைத்திருந்த உப்பு மிளகாய்த்தூள் பொட்டலத்தை என் பக்கம் நீட்டி, "தொட்டு நக்கு கண்ணு" என்றார். நக்கிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தேன்.

இது யாருக்கு நல்லது? ஆறு மாதமாவது யோகா பழகியவர், இங்கிலீஷ் வசனம் ஓடும் வேகத்துக்கு ஈடு கொடுப்பவர், அன்று இரவு பெங்களூரிலேயே சொந்தக்காரர் வீட்டில் தங்கக்கூடியவர். அண்ணன் மகளிடம் முதலில் "இதுக்கே போ" என்று சொல்லிவைத்தேன். அவள் யோகா விரிப்பையே இப்போதுதான் ஆன்லைனில் ஆர்டர் போட்டிருக்கிறாள் என்று அப்புறம்தான் தெரிந்தது. சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

இரண்டு: ஹாட் வின்யாசா, அறுபது நிமிடம்

சூடு குறைவு. பெரும்பாலும் 32-லிருந்து 35 டிகிரி, நம் ஊர் பங்குனி மாத மத்தியானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரமும் குறைவு. ஆனால் உடம்பு நிற்காமல் ஓடும். சூரிய நமஸ்காரத்தை அடித்தளமாக வைத்து, மூச்சுக்கு ஓர் அசைவு என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுவார்கள். வரிசை வாத்தியாருக்கு வாத்தியார் மாறும், வாரத்துக்கு வாரமும் மாறும்.

இங்கே சூட்டைவிட வேகம்தான் ஆளைத் தள்ளும். சூரிய நமஸ்காரம் கண்ணை மூடிக்கொண்டு பன்னிரண்டு சுற்று வரும் என்றால் பிரச்சினை இல்லை. அந்தப் பயிற்சி இல்லாதவர் 'இப்போ எந்தக் கால் முன்னால?' என்று தேடுவதற்குள் வகுப்பு மூன்று ஆசனம் தாண்டியிருக்கும். அவசரத்தில் பிடித்துக்கொள்ளப் போய் மணிக்கட்டும் தோளும் மாட்டிக்கொள்ளும். வியர்வையில் நனைந்த விரிப்பில், கையூன்றி உடம்பைத் தரைப்பக்கம் இறக்கும் சதுரங்க தண்டாசனத்துக்கு இறங்கும்போது உள்ளங்கை ஒரு இஞ்ச் நழுவினால் போதும்.

ஆகவே இங்கே மறைந்திருக்கும் செலவு விரிப்பும் துண்டும். வீட்டில் வைத்திருக்கும் சாதா பிளாஸ்டிக் விரிப்பு வியர்வை பட்டால் எண்ணெய்ச் சட்டி மாதிரி வழுக்கும். அதற்கென்று தனி விரிப்பு வாங்காதீர்கள், தொடர்ந்து போவோமா என்றே தெரியாது. விரிப்பின் நீள அகலத்துக்கு ஒரு பருத்தித் துண்டு, ஈரோட்டுத் துண்டு போதும், மேலே விரித்து, உள்ளங்கை படும் இடத்தில் முதலிலேயே கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொண்டால் பிடிப்பு கிடைக்கும்.

வாத்தியார் நடந்து வந்து பார்ப்பது இங்கே அதிகம், சொல்வதைச் செய்தும் காட்டுவார். நடுவில் குழந்தை ஆசனத்தில் படுத்துக்கொண்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அறுபது நிமிடத்தில் முடிவதால் திரும்பி வரும் பயணத்துக்கும் உடம்பில் ஏதோ மிச்சம் இருக்கும்.

என் ஓட்டு இதற்கே. ஒரு நிபந்தனை உண்டு: போவதற்கு முன் ஒரு மாதம் வீட்டிலோ உள்ளூர் வகுப்பிலோ சூரிய நமஸ்காரம் தினமும் பழகியிருக்க வேண்டும்.

மூன்று: இன்ஃப்ராரெட் அறை

காற்றைச் சூடாக்காமல், சுவரிலோ கூரையிலோ பதித்த பேனல்கள் நேராக உடம்பைச் சூடாக்கும். குளிர்காலக் காலை வெயிலில் முதுகு காய்கிற மாதிரி. காற்று வறண்டிருப்பதால் மூச்சு முட்டாது, பலருக்கு இது பிடித்துப்போகக் காரணம் அதுதான்.

வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் எவ்வளவு தண்ணீர் போனது என்று தெரியாது. வியர்க்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்போம், வெளியே வந்து நிற்கும்போது தலை சுற்றும். பேனலுக்கு நேர் கீழே ஒருவர், மூலையில் ஒருவர் என்றால் இருவருக்கும் கிடைக்கும் சூடு வேறு. முதல் தடவை மூலையிலோ கதவுப் பக்கமோ இடம் பிடியுங்கள். மற்றபடி, விளம்பரத்தில் இந்தக் கதிருக்குச் சொல்லும் மகிமைகளுக்காக இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். புழுக்கமான அறையில் மூச்சு முட்டும் என்று பயப்படுபவருக்கு இது ஒரு நல்ல மாற்று, அவ்வளவுதான்.

நான்கு: நம் ஊர், நம் வீடு

பாலக்கோடு டீச்சரின் கேள்விக்கு வருகிறேன்.

ஏப்ரல் மாத மாலை ஒன்றில், எங்கள் மாடி அறையில் சின்ன மீட்டர் ஒன்றை வைத்துப் பார்த்தேன். வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் மீட்டர், சில நூறு ரூபாய்தான். மாலை ஐந்து மணிக்கு 37 டிகிரி, ஈரப்பதம் 28. வெயில் இறங்கிய பிறகும் கான்கிரீட் தளம் குடித்து வைத்த சூட்டை மெதுவாக விட்டுக்கொண்டிருந்தது. இரவு எட்டரைக்கு 34. ஹாட் வின்யாசாவுக்குக் காசு வாங்குகிற சூடு, சும்மா கிடைக்கிறது.

அப்படியானால் அங்கேயே விரிப்பைப் போட்டுவிடலாமா? இரண்டு விஷயம் குறைகிறது. ஸ்டூடியோவில் சூடு ஒரு அளவில் நிற்கும், தாண்டினால் யாராவது குறைப்பார்கள். நாம் தள்ளாடினால் பார்க்க ஒரு ஜோடிக் கண் இருக்கும். டிக்கெட்டுக்கு நாம் கொடுக்கும் காசு இந்த இரண்டுக்கும்தான். மாடி அறையில் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு, போனில் வீடியோ பார்த்துச் செய்கிறவர் மயங்கினால் கீழே டிவி பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குத் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. இதய ரத்தக் குழாய்க்கு நல்லது என்று ஹாட் யோகாவைச் சொல்கிறார்களே, அதை டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். 40-லிருந்து 60 வயதுக்காரர்கள், அதுவரை உடற்பயிற்சி செய்யாதவர்கள். ஒரு கூட்டத்துக்கு இதே 26 ஆசன வரிசை 40.5 டிகிரி அறையில், இன்னொரு கூட்டத்துக்குச் சாதாரண அறையில், 12 வாரம். ரத்தக் குழாய் விரிந்து கொடுக்கும் திறன் இரண்டு கூட்டத்துக்கும் கூடியது. அந்தத் திறனில் சூட்டால் தனியாக எதுவும் கூடவில்லை. 2018-ல் வெளியான ஆய்வு இது. உடம்புக்கு நல்லது என்ற ஒரே காரணத்துக்காகப் போகிறவர் காலை ஆறு மணிக்குத் திண்ணையில் அதே ஆசனங்களைச் செய்தாலே கணக்கு நேராகிவிடும். சூட்டில் செய்யும்போது மனசு வேறெங்கும் ஓடாமல் ஒரே இடத்தில் நிற்கிறது, அந்த அனுபவம் வேண்டும் என்பவருக்குத்தான் பெங்களூர்.

வீட்டில் செய்வதானால் என் வழி இது: சித்திரை, வைகாசியில் காலை ஏழரை மணி, ஃபேனை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து வைத்து, முப்பது நிமிடம், வீட்டில் இன்னொருவர் விழித்திருக்கும்போது மட்டும். மீட்டர் 34-ஐத் தாண்டினால் ஃபேனைப் போட்டுவிடுவேன். இதற்கு ஹாட் யோகா என்று பெயர் வைக்க வேண்டாம். சூட்டுக்கு உடம்பைப் பழக்குவது என்று வைத்துக்கொள்ளலாம். பத்திலிருந்து பதினான்கு நாளில் உடம்பு சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும், வியர்வையில் போகும் உப்பும் குறையும்.

செய்யவே கூடாதது ஒன்று. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் குளிரில் சிலர் அறையை அடைத்து ரூம் ஹீட்டர் போட்டு வீடியோ பார்த்துச் செய்கிறார்கள். 2000 வாட் ஹீட்டரைச் சாதா 6 ஆம்ப் பிளக்கில் சொருகினால் ஒயர் உருகும், பக்கத்தில் காயப்போட்ட துண்டு பற்றிக்கொள்ளும். அதைவிட மோசம் குமுட்டி அடுப்பில் கரி போட்டு அறையைச் சூடாக்குவது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், எழுந்திருக்க மாட்டோம்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | சூடு, நேரம் | மறைந்திருக்கும் செலவு | யாருக்கு |
|---|---|---|---|
| 26 & 2 | 40.6 டிகிரி, 90 நிமிடம் | முழு நாள், இங்கிலீஷ் வசனம், திரும்பும் பயணம் | பழகியவர், அன்று அங்கேயே தங்குபவர் |
| ஹாட் வின்யாசா | 32–35 டிகிரி, 60 நிமிடம் | துண்டு, மணிக்கட்டு | சூரிய நமஸ்காரம் தெரிந்தவர் |
| இன்ஃப்ராரெட் | இடத்துக்கு இடம் மாறும், வறண்ட சூடு | தெரியாமல் போகும் தண்ணீர் | புழுக்கம் ஆகாதவர் |
| வீடு | 34-க்குள், 30 நிமிடம் | பார்த்துக்கொள்ள ஓர் ஆள் | புதியவர், உடம்பு நலம் மட்டும் போதும் என்பவர் |

பேக்கேஜ் விஷயத்தில் ஒரு வார்த்தை. புதிதாக வருபவருக்கு 'ஒரு வாரம் அன்லிமிடெட்' என்று ஆசை காட்டுவார்கள். தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு அன்லிமிடெட் என்றாலும் ஒரு தடவை, லிமிடெட் என்றாலும் ஒரு தடவை. ஒற்றை வகுப்புக்கான கட்டணம் அதிகமாகத் தெரிந்தாலும் அதையே கட்டுங்கள்.

தண்ணீரும் உப்பும்

நான் டிசம்பரில் செய்த இரண்டாவது தப்பு, வகுப்புக்கு முன்னும் பின்னுமாக இரண்டு லிட்டருக்கு மேல் வெறும் தண்ணீர் குடித்தது. உப்பும் போய்விட்ட உடம்பில் வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டலில் ஆரம்பித்து, முற்றினால் ஆபத்து. இளநீர் இதற்கு முழு மருந்தில்லை. அதில் பொட்டாசியம் தாராளம், சோடியம் கம்மி. உப்புப் போட்ட நீர்மோர்தான் நம் ஊருக்குச் சரி, கிடைக்காவிட்டால் மெடிக்கலில் ஓஆர்எஸ் பாக்கெட். சர்க்கரைத் தண்ணீருக்கு எலக்ட்ரோலைட் என்று பெயர் வைத்து ஸ்டூடியோ கவுண்டரில் விற்கும் பாட்டில் வேண்டாம்.

போகும் முன் சாப்பாடு மூன்று மணி நேர இடைவெளியில், லேசாக. களி தின்றுவிட்டுப் போனால், பின்னால் வளையும் உஷ்ட்ராசனத்தில் அது தொண்டைக்கு வரும். கூழ் பரவாயில்லை. வீட்டில் பழகும் மாதங்களில் தண்ணீர் வழக்கத்தைவிட அதிகம் குடிப்போம் என்பதால் இன்னொரு ஜாக்கிரதை: போர் தண்ணீர் வேண்டாம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீரைக் குடியுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்து நிலத்தடி நீரில் இருக்கும் ஃபுளோரைடுக்காகத்தான் அந்தத் திட்டமே வந்தது. குடிக்கும் அளவு கூடினால் ஃபுளோரைடும் கூடும்.

வகுப்பில் தலைவலி, வாந்தி வருகிற மாதிரி இருப்பது, புல்லரிப்பு, கண் இருட்டுவது, இவற்றில் எது வந்தாலும் வெளியே வந்துவிடுங்கள். பக்கத்தில் இருப்பவர் பேச்சு குழறினாலோ, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தாலோ அது ஹீட் ஸ்ட்ரோக். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

எந்த மாதம்

டிசம்பரில் போனது மூன்றாவது தப்பு. கார்த்திகை, மார்கழியில் உடம்பு சூட்டை மறந்திருக்கும். மே மாதமும் சரியில்லை. அறையை விட்டு வெளியே வந்தாலும் ஆறுவதற்கு இடம் கிடையாது, பஸ் இறங்கினால் மறுபடியும் 38. கோடையில் பழகிய உடம்பு இன்னும் மறக்காமல், வெளிக்காற்று மட்டும் குளிர்ந்திருக்கும் மாதம் ஒன்றுதான், ஆடி. ஓசூரில் இறங்கினால் காற்று முகத்தில் அடிக்கும், பெங்களூரில் ஸ்வெட்டர் தேடுவார்கள்.

அண்ணன் மகளிடம் இதைத்தான் திருத்திச் சொன்னேன். இப்போது தினமும் காலையில் ஆறு சுற்று சூரிய நமஸ்காரம் செய்கிறாளாம், மூன்றாவது சுற்றில் இன்னும் கால் மாறிவிடுகிறதாம். நேற்று மறுபடியும் போன்: "அத்தை, ஆடிப்பெருக்குக்கு அடுத்த சனிக்கிழமை வின்யாசா ஒரு மணி நேர கிளாஸ் இருக்கு. ரெண்டு பேருக்கும் போடட்டுமா? ராத்திரி என் ரூம்லயே தங்கிக்கோங்க." போடச் சொன்னேன். பின்வரிசையில், கதவுப் பக்கம், அவளுக்கும் எனக்கும் இடம் கேட்டு வைக்கவும் சொன்னேன். மோருக்கு மூடி இறுக்கமான பாட்டில் ஒன்று வாங்க வேண்டும். போன தடவை எடுத்துப் போனது பஸ்ஸிலேயே ஒழுகி, துண்டெல்லாம் புளித்துவிட்டது.